ஐ.ரி. படிக்கப் போற பிள்ளைக்கு, கல்வெட்டு அடிச்ச சின்னம்மா எழுதுவது

ஏ.எல். றிசல்ட் வந்த அன்று பின்னேரமே அக்காவின் மகள் கேட்டாள். "சின்னம்மா, ஐ.ரி. படிக்கிறதெண்டால் எங்க போறது?" அவளுக்கு வர்த்தகப் பிரிவு. இரண்டு 'சி', ஒரு 'எஸ்'. கம்பஸ் கிடைக்காது என்று வீட்டில் எல்லோருடைய முகமும் செத்தவீடு மாதிரி. எனக்கும் 2004 இல் அதே பிரிவு, ஏறக்குறைய அதே றிசல்ட். இன்றைக்கு மென்பொருள் கொம்பனியொன்றில் இருந்துகொண்டு, புதிதாக வரும் பிள்ளைகளை இன்ரர்வியூ செய்கிறேன். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. கணிதப் பிரிவில் இசட் புள்ளி, அதாவது கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற ஏ.எல். புள்ளி, நன்றாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, அரச பல்கலைக்கழகம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானம் திருநெல்வேலியில், கணினிப் பொறியியல் கிளிநொச்சி அறிவியல்நகரில். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் ஐ.ரி. இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை நீங்களே வாசியுங்கோ. ரியூசன் மாஸ்ரர் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார் என்று பாடநெறி இலக்கங்களை வரிசைப்படுத்தி, பிறகு அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

இசட் புள்ளி கைவிட்டால்? குருநகரில் இருக்கும் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐ.ரி. உயர் தேசிய டிப்ளோமா உண்டு. திறந்த பல்கலைக்கழகம் உண்டு. நான் எடுத்தது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி., அதாவது தகவல் தொழில்நுட்பப் பட்டம். 2000 இல் தொடங்கிய வெளிவாரிப் பட்டம் அது, ஏ.எல்லில் எந்தப் பிரிவென்று பார்ப்பதில்லை. மூன்று வருடப் படிப்பு. முதலாம் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா. வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் உங்களை எழுப்பிப் படிக்கவைக்க ஒருவரும் வரமாட்டார்கள். என்னோடு பதிந்த சிநேகிதிகளில் பாதிப்பேர் இரண்டாம் வருடம் தாண்டவில்லை. பாடம் கடினம் என்பதைவிட, பின்னேரத்தில் வீட்டுச் சோலிதான் காரணம்.

தனியார் நிறுவனத்தில் சேர்வதென்றால் காசு கட்டமுன் இரண்டு கேள்வி கேளுங்கோ. டிப்ளோமா என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம்? நாலு என்றால் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பட்டம் என்றால், எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? பதிலை வாயால் சொன்னால் போதாது, பதிவிலக்கத்தை வாங்கி நீங்களே பாருங்கோ. நான் இதைக் கேட்கவில்லை. அம்மாவின் இரண்டு காப்பையும் அடகு வைத்து ஓரிடத்தில் டிப்ளோமா படித்தேன். பளபள மட்டையில் பொன்னெழுத்தில் சான்றிதழ் தந்தார்கள். அதை ஏற்றுக்கொண்ட ஒரு அலுவலகத்தையும் நான் இதுவரை காணவில்லை. காப்பு மீள நாலு வருடம் எடுத்தது.

இனி, அவளுக்கு நான் சொன்ன முக்கியமான விசயம். ஊரில் பிள்ளை ஏ.எல். முடித்தால் பைல் நிறையச் சேர்டிபிக்கற் சேர்க்க வேண்டும் என்று ஒரு அவதி. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், அந்தப் பைலை நாங்கள் புரட்டுவது குறைவு. "நீங்கள் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கோ" என்றுதான் கேட்போம். பொருள் சின்னதாக இருக்கட்டும். யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டதாக இருக்க வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஏ.எல். முடித்த கையோடு அச்சகமொன்றில் தட்டச்சு வேலை. ஒருவர் செத்து 31 ஆம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுத்தான் அதிகம்: தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி. எல்லாம் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில். கனடாவிலிருக்கும் பிள்ளைகள் ஈமெயிலில் அனுப்பச் சொல்லுவார்கள். அங்கே திறந்தால் கிறுக்கல். ஏனென்றால் பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. இல்லாவிட்டால் வெறும் இங்கிலிசு எழுத்து. இதை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி உள்ள பொது முறையான யுனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை, வரிசையாக மாற்றிக்கொண்டு போவது, அவ்வளவுதான்.

திரையில் எல்லாம் சரி. ஆனால் 'கொக்குவில்' என்று தேடினால் அகப்படவில்லை. கண்முன்னே எழுதியிருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்தேன். கடைசியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தால், யுனிகோடில் 10 குறியாக இருக்க வேண்டிய சொல் 11 ஆக இருந்தது. பாமினியில் நாங்கள் அடிப்பது கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யுனிகோடில் 'க' முதல். கொம்பும் காலும் சேர்ந்து அதற்குப் பின்னால் ஒரே குறி. என் நிரல் முதலில் 'கெ'யை மாற்றிவிட்டு, மிஞ்சிய காலைப் பிறகு தனியாக ஒட்டியிருக்கிறது. பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு. அட்டவணையில் நீண்டவற்றை முதலில் மாற்று என்று வரிசையைத் திருப்பியதும் சரிவந்தது. இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒன்றாக்க நோர்மலைசேசன் என்றொரு வழி இருப்பதும், ஜாவாவிலும் பைதனிலும் அது ஒரு வரி வேலை என்பதும் பிறகுதான் தெரிந்தது. தெரியாமல் இருந்ததே நல்லது.

கொழும்பில் முதல் இன்ரர்வியூவில் இந்தக் கொக்குவில் கதையைத்தான் சொன்னேன். அரைகுறை இங்கிலிசில், கடதாசியில் கொம்பும் காலும் கீறிக் கீறி. இருபது நிமிசம் கேட்டார்கள். வேலை தந்தார்கள், கியூ.ஏ.யில். அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை பிடிக்கிற வேலை. கல்வெட்டில் செத்தவரின் பேரைப் பிழையாக விட்டால் சனம் அச்சகத்துக்கே வந்து சண்டை பிடிக்கும். அந்தப் பயத்தில் வந்த கண் எனக்கு உதவியது. எல்லோரும் நிரல்தான் எழுத வேண்டும் என்றில்லை. வாடிக்கையாளரோடு கதைத்து அவருக்கு என்ன தேவையென்று எழுதிக்கொடுக்கிற வேலையும் உண்டு. கணக்குப் பதிவியல் தெரிந்த வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கு அங்கே நல்ல இடம்.

படிக்கக் காசு இல்லையென்றால், மொறட்டுவப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்களில் பைதனும் இணைய வடிவமைப்பும் இருக்கின்றன. புது லப்டொப் வேண்டாம், 8 ஜி.பி. ரம் உள்ள பழையது போதும். யாழ். ஐ.ரி. ஹப் என்கிற அமைப்பு நடத்தும் கூட்டங்களுக்குப் போங்கோ, ஆட்களைத் தெரியவரும். இங்கிலிசுக்கு நான் கண்ட வழி, எழுதிய நிரலை ஒவ்வொரு வரியாகச் சத்தம்போட்டு இங்கிலிசில் விளக்குவது. கேட்க ஆள் தேவையில்லை. நான் கிணற்றடியில் செய்தேன். முதல் சம்பளம் வெள்ளவத்தையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. அதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கோ.

அக்காவின் மகள் பி.ஐ.ரி.க்குப் பதிந்துவிட்டாள். செய்து பார்க்க அவள் எடுத்தது அக்கா பிடிக்கிற சீட்டுக் கணக்கு: யார் கட்டினது, யார் எடுத்தது, கழிவு எவ்வளவு. நேற்றுப் போய்ப் பார்த்தேன். 12 பேர் சீட்டு, 13 ஆம் மாதமும் எல்லோரிடமும் காசு கேட்கிறது. எங்கே பிழை என்று நான் சொல்லவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், திருத்தாதை" என்றாள்.