ஜப்பானில் தங்கி ஜப்பானிய மொழி படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானுக்கே போய் மொழி படிக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் பலர் "அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்" என்று எழுத்தைக்கூடச் சரியாகப் பழகாமல் கிளம்புகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். அங்குள்ள மொழிப் பள்ளிகளில் வாரத்துக்குக் குறைந்தது 20 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், காலையிலோ மதியத்திலோ அரை நாள் வகுப்பு. இன்று நடத்தியது புரியாவிட்டாலும் நாளை அடுத்த பாடம் வந்துவிடும்.

1. கிளம்புவதற்கு முன்

ஹிரகானா, கத்தகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46தான். பிறகு ஜேஎல்பிடி (JLPT) என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்5 நிலை. என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை. பெரும்பாலான பள்ளிகள் என்5 சான்றிதழையோ 150 மணி நேரம் படித்ததற்கான சான்றையோ கேட்கும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது; சென்னையிலும் மையம் உண்டு. முடிந்தால் என்4 வரை இங்கேயே முடித்துவிடுங்கள் என்பேன். இங்கே குறைந்த செலவில் கற்கக்கூடியதை அங்கே யென் கொட்டிக் கற்க வேண்டாம்.

2. பள்ளியும் பருவமும்

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என நான்கு பருவங்களில் சேர்க்கை இருக்கும். மொழிப் பள்ளியில் அதிகபட்சம் 2 ஆண்டுகள் படிக்கலாம். படிப்பு பெரும்பாலும் மார்ச்சில் முடிவதால், ஏப்ரலில் சேர்ந்தால் அந்த 2 ஆண்டும் முழுதாகக் கிடைக்கும், அக்டோபரில் சேர்ந்தால் ஒன்றரை ஆண்டு. ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

உங்கள் சார்பில் பள்ளியே ஜப்பான் குடிவரவுத் துறையில், விசாவுக்குத் தேவையான தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஸ்பான்சர் செய்பவரின் வருமானச் சான்று, வங்கி இருப்பு, ஏன் படிக்கிறீர்கள் என்ற கடிதம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தகுதிச் சான்றிதழ் 3 மாதம் செல்லும். அது கைக்கு வந்ததும் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் படங்களில் மயங்க வேண்டாம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கல்வி அமைச்சகம் மொழிப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. பழைய பள்ளிகளுக்கு மாறிக்கொள்ள அவகாசம் இருப்பதால், உங்கள் பள்ளி எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, கஞ்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) தெரியாத நாட்டு மாணவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். சீன மாணவர்களுக்குப் பாதி எழுத்துகள் ஏற்கெனவே தெரியும். அவர்கள் வேகத்துக்கு நடக்கும் வகுப்பில் நாம் வாசிப்பில் திணறிப்போவோம்.

3. பணம்

முதல் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் 7 லட்சம் முதல் 9 லட்சம் யென் வரை வரும். வாடகையும் சாப்பாடும் தனி. அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை பார்ட் டைம் வேலை செய்யலாம். பச்சிங்கோ என்ற சூதாட்ட இயந்திரக் கூடம், மதுக் கேளிக்கை விடுதி போன்ற இடங்களில் கூடாது. அந்தச் சம்பளத்தைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கும் அதையே நம்பிப் போனால் இரவு வேலை, காலையில் வகுப்பில் தூக்கம் என்று ஆகிவிடும். வருகைப் பதிவு சரிந்தால் விசா நீட்டிப்பும் சிக்கலாகும்.

4. இறங்கியதும்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் வசிப்பு அட்டையை அங்கேயே தருவார்கள். வேலை அனுமதிக்கும் அங்கேயே படிவம் கொடுத்துவிடலாம். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் உள்ளூர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் அன்றே சேர்ந்துவிடுங்கள்.

5. வகுப்பில்

இங்கேதான் தமிழ் நமக்குப் பெரிய துணை. ஆனால் பலரும் ஆங்கிலம் வழியாகவே யோசித்து அந்தத் துணையை விட்டுவிடுகிறார்கள். 'தபெதெ மிமஸ்' என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'தபெதெ ஷிமைமஷ்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். 'கத்தெ ஒகிமஸ்' என்றால் வாங்கி வைக்கிறேன். பார், விடு, வை என்று நாம் சேர்க்கும் அதே துணைவினைகள், அதே இடத்தில். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இலக்கணப் பாடம் வரும்போது மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், ஆங்கில விளக்கம் அரைப் பக்கம் எடுத்துக்கொள்வது ஒரே வரியில் விளங்கிவிடும். குறில் நெடிலும் நமக்குப் பழக்கம்தான்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி.

ஆனால் குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். தங்கத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு ஒரு சொல். தங்கம் kin, வெள்ளி gin; முதல் எழுத்தின் ஒலி மட்டும் மாறும். தமிழில் இரண்டையும் 'கின்' என்றுதான் எழுத முடியும். நான் மேலே எழுதியிருப்பது விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் நோட்டில் முதல் நாளிலிருந்தே ஹிரகானா இருக்கட்டும்.

கஞ்ஜிக்குக் குறுக்குவழி இல்லை. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள் உண்டு. தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாமல், அது வரும் இரண்டு மூன்று சொற்களோடு எழுதுங்கள். பல பள்ளிகளில் காலையில் சிறு தேர்வு வைப்பார்கள். அதற்கு முந்தைய இரவு மட்டும் படித்தால் வாரக் கடைசியில் எல்லாம் மறந்திருக்கும். வகுப்பு முடிந்த கையோடு அன்றைய கஞ்ஜியை எழுதி, பாடத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்குத் தினமும் இரண்டு மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் நகராட்சியில் விசாரியுங்கள். பல ஊர்களில் தன்னார்வலர்கள் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ ஜப்பானியம் சொல்லித்தருகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் பலர் வருவார்கள், பொறுமையாகத் திருத்துவார்கள்.

6. அடுத்த தேர்வு

அங்கே போன பிறகும் ஜேஎல்பிடியை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் தேர்வுக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வாக்கில் விண்ணப்பம் வாங்குவார்கள். நிறுவன வேலைக்குப் போவதாக இருந்தால் என்2வை இலக்காக வைத்து, எந்த டிசம்பரில் எழுதப்போகிறீர்கள் என்பதைச் சேர்ந்த மாதமே ஆசிரியரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.