நுண்கால்வாயில் நிலைமம்: கணக்கில் கோட்டைவிடும் இடங்கள்

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு கால்வாய் என்றாலே ரெனால்ட்ஸ் எண், அதாவது பாகுத்தன்மையோடு ஒப்பிட்டால் ஓட்டத்தில் நிலைமம் எவ்வளவு என்று காட்டும் எண், ஒன்றுக்கும் கீழே, நிலைமத்தை மறந்துவிடலாம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். 50 மைக்ரான் சதுரக் கால்வாயில் தண்ணீரை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் ரெனால்ட்ஸ் எண் 50. அதற்கு நிமிடத்துக்கு 150 மைக்ரோலிட்டர் போதும். ஓட்டம் கலங்காது, ஆனால் துகள்கள் குறுக்கே நகர்ந்து குறிப்பிட்ட இடங்களில் வரிசைகட்டும். 1961-இல் சேக்ரே, சில்பர்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் உருளைக் குழாயில் கண்டது இதைத்தான்: மையத்திலிருந்து ஆரத்தின் சுமார் 0.6 பங்கு தள்ளி, துகள்கள் வளையமாகச் சேர்ந்தன.

சரி, எண் 50 வந்துவிட்டதே என்று நின்றுவிடவும் கூடாது. துகளுக்கென்று தனி ரெனால்ட்ஸ் எண் உண்டு. துகளின் விட்டத்தைக் கால்வாய் அகலத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தால் அந்த 50-ஐப் பெருக்க வேண்டும். 10 மைக்ரான் துகளுக்கு 2 வரும், நன்றாக வரிசைகட்டும். 2 மைக்ரான் துகளுக்கு வெறும் 0.08. அதே சில்லு (கால்வாய் அமைந்த தகடு), அதே பம்ப், ஆனாலும் அது சிதறியேதான் போகும்.

அப்போது வேகத்தைக் கூட்டுவோம், கால்வாயை நீட்டுவோம் என்று தோன்றும். இங்கேதான் அழுத்தம் கழுத்தைப் பிடிக்கிறது. மேலே சொன்ன கால்வாய் 3 சென்டிமீட்டர் நீளம் என்றால், விநாடிக்கு 1 மீட்டரிலேயே வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தேவை. இந்தச் சில்லுகளை வார்க்கப் பயன்படும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் பொருள் ரப்பர் போன்றது. நுழைவாய்ப் பக்கம் சுவர் உப்பிவிடும். வரைபடத்தில் சதுரமாக இருந்த குறுக்குவெட்டு ஓட்டத்தில் சதுரமாக இருக்காது, துகள்கள் சேரும் இடமும் மாறும். அதனால் பம்ப் ஓடும்போதே நுழைவாயிலும் வெளிவாயிலும் அகலத்தை நுண்ணோக்கியில் அளந்து பாருங்கள். வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் கண்ணாடிக்கோ கெட்டி பிளாஸ்டிக்குக்கோ மாறுவதே நல்லது.

நுண்ணோக்கிப் படத்தைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சதுரக் கால்வாயில் துகள்கள் நான்கு சுவர்களின் நடுப்பகுதியை ஒட்டிச் சேரும். மேலிருந்து பார்த்தால் மூன்று கோடுகள்தான் தெரியும், நடுக்கோடு மட்டும் பிரகாசமாக இருக்கும். அது மேல்சுவர், அடிச்சுவர் இரண்டின் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவது. மையத்தில் துகள் சேர்கிறது என்று அதை எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் அடர்த்தி. நீர்த்த துகள் கரைசலில் சோதித்துவிட்டு நேராக ரத்தத்தை ஏற்றினால் எல்லாம் குலையும். அதில் கனஅளவில் ஏறக்குறைய 45 சதவீதம் சிவப்பணுக்களே. ஒன்றையொன்று இடித்துத் தள்ளும்போது வரிசைக்கு இடமேது? முதலில் நீர்க்கச் செய்யுங்கள், பிறகு படிப்படியாக அடர்த்தியைக் கூட்டி, கோடு எந்த இடத்தில் பரவத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.