‘தொடரும்’ போடுவதற்கு முன்: சூப்பர்ஹீரோ காமிக்ஸின் கடைசிப் பக்கத்தை அமைப்பது எப்படி?

என் முதல் காமிக்ஸின் கடைசிப் பக்கத்தில் நாயகன் பதினான்கு மாடிக் கட்டடத்தின் விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே தீ, மேலே வில்லன், ஓரத்தில் கொட்டை எழுத்தில் ‘தொடரும்’. பெருமையாக அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். அவனுக்குப் பத்து வயது. படித்து முடித்ததும், “விழமாட்டான் மாமா” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். அடுத்த இதழுக்கான விளம்பரத்தை அங்கே நானே வரைந்து வைத்திருந்தேன். அதில் நாயகன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான்.

அந்த விளம்பரம் இல்லாவிட்டாலும் அவன் நம்பியிருக்கமாட்டான். சூப்பர்ஹீரோ சாகமாட்டான் என்பது காமிக்ஸ் வாசகன் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அடுத்த இதழுக்காக நாள் எண்ணுகிறான் என்றால், அவனைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. அதைக் கடைசிப் பக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம். பென்சிலும் கோடு போடாத தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வியை மாற்றுங்கள்

‘பிழைப்பானா?’ என்பது செத்த கேள்வி. பதில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 1966 ஜனவரி தேதியிட்டு வந்த ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 32ஆம் இதழ். கதையமைப்பும் ஓவியமும் ஸ்டீவ் டிட்கோ, வசனம் ஸ்டான் லீ.

கதிரியக்கச் சிலந்தி கடித்து ஸ்பைடர்மேனாக மாறிய பீட்டர் பார்க்கரை வளர்த்த பெரியம்மா மே மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறாள். அவளுக்கு முன்பு ரத்தம் கொடுத்தவனே பீட்டர்தான். அந்த ரத்தத்தில் இருந்த கதிரியக்கம் இப்போது அவளைக் கொல்கிறது. காப்பாற்றக்கூடிய ஒரே மருந்தை டாக்டர் ஆக்டோபஸின் ஆட்கள் திருடிவிட்டார்கள். ஸ்பைடர்மேன் ஆற்றுக்கு அடியில் இருக்கும் மறைவிடம்வரை துரத்திப் போய்ச் சண்டை போடுகிறான். ஒரு பெரிய இயந்திரம் சரிந்து அவனை அமுக்கிவிடுகிறது. மேற்கூரையில் விரிசல், தண்ணீர் உள்ளே வருகிறது. மருந்து எதிரே தரையில்தான் கிடக்கிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை. இதழ் அங்கே முடிகிறது.

இயந்திரத்தை மறந்துவிட்டு அந்த மருந்தை மட்டும் பாருங்கள். அது தொலைவில் எங்கோ இருந்திருந்தால் இந்தக் காட்சியில் வலியே இல்லை. கண்ணுக்கு எதிரே இருப்பதால்தான் நம் கையும் சேர்ந்து நீள்கிறது. அவன் பிழைப்பான் என்று நமக்குத் தெரியும். பெரியம்மா பிழைப்பாளா என்பதுதான் தெரியாது. அதோடு, அவள் இறந்தால் கொன்றது அவனுடைய ரத்தம். கேள்வி அவன் உடம்பை விட்டு அவன் மனசாட்சிக்குள் போய்விட்டது.

தாளின் மேலே ஒரே வரி எழுதுங்கள்: ‘என் நாயகன் பிழைத்தாலும் எதை இழப்பான்?’ பதில் கிடைக்கும்வரை படம் போடாதீர்கள்.

படி 2: சக்திக்கு ஒரு விலை வையுங்கள்

இனி என் சொந்தக் கதையையே வைத்துச் சொல்கிறேன். நாயகன் மின்வாரிய லைன்மேன். எவ்வளவு மின்சாரத்தையும் உடம்பில் வாங்கிக்கொள்வான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் ‘இடிதாங்கி’. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் காது கொஞ்சம் மந்தமாகிறது. யாரிடமும் அவன் இதைச் சொல்லவில்லை, தனக்கே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். மகள் கயலுக்கு எட்டு வயது.

அத்தியாயம் இதுதான்: மழை இரவில் மருத்துவமனையின் டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிறது, இடிதாங்கி அதை அடக்குகிறான், விளக்குகள் எரிகின்றன. முதல் வரைவில், பின்னாலிருந்து வில்லன் வந்து “இது வெறும் ஆரம்பம்தான்!” என்று சிரிப்பதாக முடித்திருந்தேன். இந்த வசனத்தை எழுதாத தொடக்கக்காரர் இல்லை. எழுதுங்கள், சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். வில்லன் வந்து நின்றவுடன் மறுபடி ‘பிழைப்பானா?’ என்று ஆகிவிடுகிறது. முடிவு வில்லனிடம் இல்லை, காதில் இருக்கிறது.

படி 3: முன்னாலேயே விதையுங்கள்

கடைசிப் பக்கத்தில் திடீரென ‘அவனுக்குக் காது கேட்கவில்லை’ என்று சொன்னால் அது மோசடி. சொல்லாமல் சொல்ல வேண்டும். இதற்குக் காமிக்ஸில் ஓர் அருமையான கருவி உண்டு: ஒலிச்சொற்கள். மூன்றாம் பக்கத்தில் ‘படார்’ பாதிக் கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எட்டாம் பக்கத்தில் அதே மாதிரி வெடிப்புக்கு விரல் அளவு ‘படார்’. பதின்மூன்றில் எறும்பு அளவு. படிக்கிறவர் ஓவியருக்கு இடம் போதவில்லை என்று நினைத்துக் கடந்துபோவார். கடந்து போகட்டும். மனைவிக்கு அன்று இரவுப் பணி என்பதையும் இரண்டாம் பக்கத்தில், சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுக்கும் ஒரே கட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 4: பக்கம் புரட்டும் விரலைக் கணக்கில் எடுங்கள்

அட்டை நீங்கலாகப் பதினாறு பக்கம், நடுவில் பின் அடித்த புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். (இப்படி மடித்துப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும்.) ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறம், இரட்டைப்படை இடப்புறம். இரண்டும் மூன்றும் எதிரெதிரே இருப்பதால் மூன்றாம் பக்கத்தில் எதையும் ஒளிக்க முடியாது. இரண்டைப் படிக்கும்போதே ஓரக்கண் மூன்றுக்குப் போய்விடும். ஒளிக்க வேண்டியதைப் புரட்டினால் மட்டுமே தெரியும் இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். நல்லவேளையாகப் பதினாறாம் பக்கம் அப்படிப்பட்டதுதான். புரட்டத் தூண்டும் கட்டம் பதினைந்தின் கீழ் வலது மூலையில் இருக்க வேண்டும். கண் கடைசியாகப் போய் நிற்கும் இடம் அது, விரலும் அங்கேதான் இருக்கிறது.

பதினாறுக்கு எதிரே இருப்பது பின்னட்டையின் உட்புறம். அங்கே அடுத்த இதழ் விளம்பரம் வேண்டவே வேண்டாம். என் அக்கா மகனைக் கேளுங்கள்.

கைபேசியில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் காமிக்ஸ் என்றால் புரட்டல் கிடையாது. கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் அந்த வேலையைச் செய்யும். கடைசிப் படத்துக்கு முன்னால் ஒரு முழுத் திரை அளவு காலியாக விடுங்கள்.

படி 5: கட்டம் கட்டமாக எழுதுங்கள்

என் வரைவு இப்படி:

பக்கம் 15, கட்டம் 1. மருத்துவமனை வாசல், மழை. எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம். கூட்டம் கைதட்டுகிறது. ஒலிச்சொல் எதுவும் இல்லை.

கட்டம் 2. இடிதாங்கி ஈர மண்ணில் மண்டியிட்டிருக்கிறான். தோளில் புகை. களைத்த புன்னகை.

கட்டம் 3. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயல் ஓடி வருகிறாள்.

கட்டம் 4, கீழ் வலது மூலை. கயலின் முகம் மிக அருகில். வாய் திறந்திருக்கிறது. பேச்சு பலூனின் வால் மட்டும் தெரிகிறது, பலூன் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

பக்கம் 16, முழுப்பக்கப் படம். அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கயல் கத்துகிறாள். அவளைச் சுற்றி மூன்று பெரிய பலூன்கள். மூன்றும் காலி. கீழே வலது ஓரத்தில் அவனுடைய சிறிய பலூன்: “சரி, கண்ணு.”

அவ்வளவுதான். காலி பலூன் என்றால் என்ன என்று விளக்கும் வாசகம் வேண்டாம். அவள் என்ன சொன்னாள், எதற்கு இவன் ‘சரி’ என்றான் என்ற இரண்டு கேள்விகளோடு படிப்பவரை விட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விதான் கொடியது, ஏனென்றால் அவன் கேட்டது போல நடிக்கிறான். ‘தொடரும்’ வேண்டுமானால் பொடி எழுத்தில் போடுங்கள். நான் எடுத்தே விட்டேன்.

படி 6: பதிலை இன்றே எழுதி வையுங்கள்

1930களிலும் 40களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில் வாரம் ஒரு பாகமாகத் தொடர் படங்கள் ஓடின. இந்த வாரம் கார் நாயகனோடு பள்ளத்தில் விழும். அடுத்த வாரம் பார்த்தால், விழுவதற்கு முன்பே அவன் குதித்துவிட்டதாக, போன வாரம் காட்டாத காட்சி ஒன்று முளைத்திருக்கும். அந்த ஏமாற்று வேலை உங்களுக்கு வேண்டாம்.

டிட்கோ கடனை ஒழுங்காகத் தீர்த்தார். 33ஆம் இதழின் முதல் ஐந்து பக்கங்கள் அந்த இயந்திரத்தைத் தூக்குவதற்கே. முயல்கிறான், தோற்கிறான், மறுபடி முயல்கிறான். கடைசியில் ஒரு முழுப்பக்கத்தில் அது தலைக்கு மேலே எழுகிறது. யாரும் வந்து உதவவில்லை, புதிய சக்தியும் வரவில்லை. போன இதழில் ஏற்றிய எடை எவ்வளவோ அவ்வளவையும் தூக்க வைத்தார்.

என் கதையில் கயல் கத்தியது இது: “அப்பா, அம்மா இன்னும் லிஃப்டுக்குள்தான் இருக்கிறாள்!” அடுத்த அத்தியாயத்தின் முதல் கட்டம் இந்த வரியோடு தொடங்கும். இதை எழுதி வைத்த பிறகுதான் காலி பலூன்களை வரைந்தேன்.

ஒவ்வொரு முறையும் வேண்டாம்

முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கதை 1962 முதல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தது. தமிழில் முழுப் புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது, நாலு பக்கத்துக்கு ஒரு முறை யாராவது கண்டத்தில் மாட்டுவதற்குக் காரணம் அதுதான். வாரத் தொடருக்கு அது தேவை. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு அத்தியாயம் போடுகிறவரானால் அத்தனை மூச்சிரைப்பு தேவையில்லை.

வேறு வழிகளும் உண்டு. (இவற்றைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 1973இல் வந்த ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழில் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கிறாள். தலைப்பை முதல் பக்கத்தில் போட்டால் மரணம் வெளியாகிவிடும் என்பதால் அதைக் கடைசிப் பக்கத்துக்கு நகர்த்தினார்கள். வெறும் தலைப்பே இடியாக இறங்கியது. ‘வாட்ச்மென்’ காமிக்ஸின் பதினோராம் அத்தியாயத்தில் வில்லன் தன் திட்டத்தை நிதானமாக விளக்குகிறான்; தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று நாயகர்கள் நினைக்கிறார்கள். அவனோ முப்பத்தைந்து நிமிடம் முன்பே அதை முடித்துவிட்டிருக்கிறான்.

படி 7: ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

விளக்கம் சொல்லாதீர்கள், முகத்தை மட்டும் பாருங்கள். போன மாதம் இடிதாங்கியை அக்கா மகனிடம் கொடுத்தேன். இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது, பாராட்டுவதை அறவே நிறுத்திவிட்டான். பதினாறாம் பக்கத்தில் நின்றான். எதிரே பார்த்தான், வெற்றுத் தாள். புத்தகத்தை மூடுவான் என்று நினைத்தேன். மூடவில்லை. பின்னோக்கிப் புரட்டிப் பதின்மூன்று, எட்டு, மூன்று என்று போனான். ‘படார்’ மேல் விரலை வைத்து அளந்தான்.

“மாமா, அவள் என்ன சொன்னாள்?”

லிஃப்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.