காவல்துறை வரலாற்றுக் கேள்வி: 11 நிமிடத்தில் விடை

டெல்லியின் கரோல்பாக், ராஜிந்தர் நகர் அறைகளில் படித்துக்கொண்டு, UPSC குடிமைப் பணி மெயின்ஸைத் தமிழில் எழுதப்போகிறவர்களுக்கு இது. கேள்வி இப்படி வரலாம்: "இந்தியக் காவல்துறை ஐரோப்பாவிடமிருந்து எதைப் பெற்றது?" 15 மதிப்பெண், 250 சொல், மூன்று பக்கம். மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி, பாதி 10 மதிப்பெண், பாதி 15. 10 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம் கொடுத்தால் இதற்கு 11 நிமிடம் கிடைக்கும்.

முதல் இரண்டு நிமிடம் எழுதாதீர்கள். மனசில் லண்டன், அயர்லாந்து என்று இரண்டு கோடு போடுங்கள். பாரிஸுக்கு ஒரு வரி போதும்: 1667-ல் மன்னர் பதினான்காம் லூயி நகரக் காவலுக்கு ஒரு தலைமைப் பதவி உருவாக்கினார்.

லண்டன்: 1819-ல் மான்செஸ்டர் பீட்டர்லூ கூட்டத்துக்குள் குதிரைப்படை புகுந்து ஆட்களைக் கொன்றது. 1829-ல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் பெருநகரக் காவல் சட்டம் கொண்டுவந்தார். நீல வால்கோட்டு, உயரத் தொப்பி, ஒரு தடி, ஆளைக் கூப்பிட மரக் கிலுகிலுப்பை. ராணுவச் சிவப்பு கூடாதென்றே நீலம். மக்கள் இசைவோடு காவல் என்பதற்கு இந்த உடுப்பே விளக்கம்.

அயர்லாந்து: 1836-ல் அமைந்த கான்ஸ்டபுலரி என்ற காவல் படைக்குத் துப்பாக்கி, பாசறை, மேலிருந்து கட்டளை. 1843-ல் சிந்துவைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் இந்த மாதிரியைத்தான் அங்கே நட்டார். 1857 கிளர்ச்சி, 1860 காவல் ஆணையம், 1861 இந்தியக் காவல் சட்டம் என்று தொடருங்கள்.

நம்மவர்களே விட்டுவிடுவது 1855 சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை அறிக்கையை. வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்ததால் வந்த கொடுமை அதில் இருக்கிறது. விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டிக் குனியவைக்கும் அண்ணாந்தாள்: இரண்டும் தமிழ்ச் சொல்லாகவே ஆங்கில அறிக்கைக்குள் போயிருக்கின்றன. இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுதுகிறவருக்கு இது கூடுதல் பலம்.

மதிப்பெண் போகும் இடங்கள்: 1861 சட்டத்துக்கு அயர்லாந்தை விட்டு லண்டனைத் தாயாக்குவது, மக்கள் இசைவோடு காவல் பற்றிய "பீலின் ஒன்பது கொள்கைகள்" 1829-ல் அவரே எழுதியவை என்பது. அவை 20-ஆம் நூற்றாண்டில் தொகுத்து அவர் பெயரில் ஏற்றப்பட்டவை.

முடிவுரைக்கு டெல்லியே போதும். 1861 சட்டம் மாவட்டக் காவலை மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே வைத்தது. 1978-ல் இங்கே மாஜிஸ்திரேட்டின் அதிகாரங்களைக் காவல் ஆணையரிடமே கொடுக்கும் கமிஷனர் முறை வந்தது. மிச்சமுள்ள அரை நிமிடத்தில் ஆண்டுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்.