தோமையார் கல்லறையிலிருந்து கடல்மேல் மர மேடைகள் வரை: ஓர்தோனாவுக்கு மூன்று நாள் பயணம் போடுவது எப்படி?

சென்னை சாந்தோம் பேராலயத்தில் தோமையாரின் கல்லறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே அடக்கம் செய்யப்பட்டவரின் எலும்புகள் பிறகு எங்கே போயின? கிறிஸ்தவ மரபு ஒரு நீண்ட வழியைச் சொல்கிறது: மயிலாப்பூரிலிருந்து இன்றைய துருக்கியில் உள்ள எதெஸ்ஸா, அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவு, கடைசியில் 1258-இல் இத்தாலியின் ஓர்தோனா. கியோஸில் புகுந்து அவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் லெயோனே என்ற கப்பல் தலைவர். அன்றிலிருந்து அவை அங்கேதான் இருக்கின்றன.

நான் ஓர்தோனாவுக்குப் போனது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். போன பிறகுதான் அந்தச் சின்னத் துறைமுக ஊரைச் சுற்றி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. முதல்முறை போகிறவர்களுக்காக, எதற்குப் பிறகு எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை இங்கே முக்கியம். மேலே ஊரைப் பார்த்துவிட்டுக் கீழே கரைக்கு இறங்கினால் ஒவ்வொரு இடமும் அடுத்ததைப் புரியவைக்கும்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்ட் வேண்டாம். இத்தாலியர்களுக்கு அது விடுமுறை மாதம், அதிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் கரையோரத்தில் அறை கிடைப்பதே கடினம். முடிந்தால் மே மாத முதல் ஞாயிறு ஊரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். 'பெர்தோனோ' என்ற மன்னிப்புப் பெருவிழா அப்போதுதான் நடக்கும். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஊர் போய்ச் சேருவது

ரோம் வரை விமானம். ரோமின் திபுர்த்தினா நிலையத்திலிருந்து பெஸ்காராவுக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு, அபெனைன் மலைகளைக் குறுக்கே கடந்து போகும். பெஸ்காராவில் இறங்கி, தெற்கே போகும் உள்ளூர் ரயிலைப் பிடித்தால் அரை மணிக்குள் ஓர்தோனா. காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். மறந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு, நேரத்தை முந்தைய நாளே பார்த்து வையுங்கள்.

ரயில் நிலையம் கீழே, துறைமுகத்துக்குப் பக்கத்தில். ஊரோ செங்குத்தான மேட்டின் மேலே. பெட்டி கனமாக இருந்தால் டாக்ஸி பேசிவிடுங்கள். தங்கும் இடத்தை மேலே உள்ள பழைய ஊரிலேயே எடுங்கள், முதல் நாள் முழுக்க நடந்தே பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: காலையில் பேராலயம்

இங்கே தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டரைக்குக் கிளம்புவது. இத்தாலியச் சிற்றூர்களில் கோயிலும் கடையும் மதியம் மூடிவிட்டு நான்கு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். ஆகவே ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நேராகக் கீழே நிலவறைக்கு இறங்குங்கள். பீடத்துக்குள் பொன்முலாம் பூசிய செப்புப் பேழை, அதற்குள்தான் எலும்புகள். நான் அதைவிட அதிக நேரம் நின்றது கியோஸிலிருந்து கூடவே வந்த கல்லறைப் பலகையின் முன்னால். அதில் ஒரு மனிதரின் அரையுருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் கிரேக்க எழுத்தில் 'புனித தோமா' என்று பொருள்படும் இரண்டு சொற்கள். அலங்காரம் பெரிதாக ஒன்றும் இல்லை. பரங்கிமலையிலும் சின்னமலையிலும் சின்ன வயதிலிருந்து கேட்ட ஒரு பெயரை, கடல் தாண்டி இத்தனை தொலைவில், வேறொரு எழுத்தில் தடவிப் படிக்கிற மாதிரி இருந்தது. 1953-இல் இந்த எலும்புகளில் ஒன்று இங்கிருந்து கேரளத்தின் கொடுங்கல்லூருக்குப் போனது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மேலே ஏறி வந்ததும் சுவர்களைக் கவனியுங்கள். இவ்வளவு பழைய கோயிலுக்கு அவை புதிதாகத் தெரியும். 1566-இல் துருக்கியக் கடற்படை இந்தக் கோயிலுக்குத் தீ வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், ஜெர்மானியர்கள் இதன் கோபுரத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது நிற்பது 1949-இல் மறுபடி திறந்த கட்டடம். ஏன் தகர்த்தார்கள் என்பது ஐந்தாம் படியில் வரும்.

நான்காம் படி: கோட்டை, கடற்காட்சி நடைபாதை

பேராலயத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அரகோனியக் கோட்டை. 15-ஆம் நூற்றாண்டில் அரகோன் அரசர் அல்ஃபோன்சோ காலத்தில் கட்டியது. போரில் சிதைந்து, 1946 நிலச்சரிவில் ஒரு பகுதி கடல் பக்கம் சரிந்து விழுந்தது. இப்போது பழுது பார்த்துத் திறந்திருக்கிறார்கள். மேலே நின்றால் கீழே துறைமுகம் முழுவதும் தெரியும். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் ரோமை விட்டு ஓடிவந்து, இரவோடு இரவாகக் கப்பலேறித் தப்பித்தது இந்தத் துறையிலிருந்துதான். அரசர் போன மூன்றே மாதத்தில் ஊரைப் போர் பிடித்துக்கொண்டது.

கோட்டையிலிருந்து மேட்டின் விளிம்பை ஒட்டியே போகும் நடைபாதையில் மாலையில் ஊரே உலாத்தும். வழியில் ஃபர்னேசே மாளிகை உண்டு. அதைக் கட்டத் தொடங்கிய ஆஸ்திரியாவின் மார்கரெட், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் மகள், 1582-இல் இந்த ஊரையே விலைக்கு வாங்கியவர். இசையில் நாட்டம் உள்ளவர்கள் இங்கே பிறந்த இசையமைப்பாளர் தோஸ்தியின் நினைவு அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: 1943 டிசம்பர்

ஓர்தோனாவைப் பார்க்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது. டிசம்பர் 20 முதல் 28 வரை கனடியப் படைக்கும் ஜெர்மன் பாராசூட் படைக்கும் இந்தத் தெருக்களில் சண்டை. தெருக்களில் இடிபாடுகளைக் குவித்து ஜெர்மானியர்கள் வழியை அடைத்திருந்தார்கள். பேராலயத்தின் கோபுரத்தைத் தகர்த்ததுகூட எதிரிக்கு அது கண்காணிப்பு மேடையாகிவிடக் கூடாது என்றுதான். தெருவில் கால் வைத்தால் சாவு என்ற நிலையில் கனடியர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளின் நடுச்சுவரை வெடிவைத்து உடைத்து, தெருவுக்கே வராமல் வீட்டுக்கு வீடு முன்னேறினார்கள். பழைய ஊரின் வீடுகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டி நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டே நடந்தால் இது நன்றாகப் புரியும். ஊர் மக்கள் ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

போர் அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. திறக்கும் நாளையும் நேரத்தையும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஊருக்குத் தெற்கே உள்ள மோரோ ஆற்றுப் போர்க் கல்லறைக்குப் போங்கள். 1,615 கல்லறைகள், பெரும்பாலும் கனடியர்கள். வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது.

இந்த மோரோ ஆற்றில் நம்மவர்கள் செய்த ஒரு வேலையும் உண்டு. எட்டாவது இந்தியப் படைப்பிரிவின் பொறியாளர்கள் இங்கே ஒரு இரும்புப் பாலம் போட வேண்டியிருந்தது. தங்கள் கரையில் பாதை குறுகலாக வளைந்ததால் பாலத்தைக் கட்டித் தள்ள இடம் போதவில்லை. பாகங்களை எல்லாம் எதிரி இருந்த கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தலைகீழாக நம் பக்கம் நோக்கிக் கட்டி முடித்தார்கள். 'முடியாத பாலம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

ஆறாம் படி: சைக்கிளில் கடற்கரை

இரண்டாம் நாள் முழுவதும் இதற்குத்தான். ரயில் பாதையை 2005-இல் உள்ளே தள்ளிப் போட்ட பிறகு, கடலை ஒட்டிய பழைய தடத்தை 'வியா வெர்தே' என்ற சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். ஓர்தோனாவிலிருந்து வாஸ்தோ வரை 42 கிலோமீட்டர். ரயில் தடம் என்பதால் ஏற்ற இறக்கம் கிடையாது, சைக்கிளில் பழக்கம் விட்டுப்போனவர்களும் தாராளமாக ஓட்டலாம். நடுவே சுரங்கங்கள் வரும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். சான் வீத்தோ, ஃபொஸ்ஸாசேசியா கரைகளில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். நான் பார்க்காமல் எடுத்து, ஒரு பிரேக் பிடிக்காமல் பாதி வழியில் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஓர்தோனாவுக்குத் தெற்கே புந்தா அக்குவாபெல்லா இயற்கைக் காப்பகம். அதைத் தாண்டினால் ட்ரபோக்கிகள் தென்படத் தொடங்கும். ட்ரபோக்கோ என்பது கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மர மேடை. பாறையிலிருந்து ஒரு ஒடுங்கிய பலகைப் பாலம் அதற்குப் போகும். மேடையிலிருந்து நீண்ட கழிகள் கடல்மேல் நீட்டியிருக்கும், அவற்றில் ஒரு பெரிய சதுர வலை தொங்கும். கையால் சுற்றும் சக்கரத்தால் வலையைக் கடலுக்குள் இறக்கி, சற்றுப் பொறுத்து மேலே இழுப்பார்கள். கொச்சியில் சீன வலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: நேரான மரம் ஒன்றுகூட இருக்காது. கிடைத்த கட்டைகளைக் கம்பியாலும் கயிற்றாலும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அலை அடித்தால் மொத்த மேடையும் லேசாக அசைந்து கொடுக்கும். அசைவதால்தான் தாங்குகிறது. அப்படியும் 2014-இல் ஒரு புயலில் சான் வீத்தோவின் துர்க்கீனோ மேடை சரிந்து, பிறகு மறுபடி கட்டினார்கள்.

இப்போது பல மேடைகள் உணவகங்கள். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பெரும்பாலும் அன்றைய மீனைப் பொறுத்த ஒரே வகைச் சாப்பாடுதான், மீன் சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். 'ப்ரொதெத்தோ' என்ற மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். வாஸ்தோ பக்கம் அதை மண்சட்டியில் செய்வார்கள், கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியையே குலுக்குவார்கள், மீன் உடையாமல் இருப்பதற்காக. நம் வீடுகளில் மீன் குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுவதும் இதற்காகத்தானே!

சாப்பிட்டு இளைப்பாறிய பின், ஃபொஸ்ஸாசேசியாவில் சைக்கிளைப் பூட்டிவிட்டு மேட்டின் மேலுள்ள சான் ஜொவான்னி இன் வேனெரே மடத்துக்கு ஏறுங்கள். பெயரிலேயே வீனஸ் இருக்கிறாள், பழைய வீனஸ் கோயிலின் மேல் எழுந்தது என்பது மரபு. பின்பக்கம் சுற்றிவந்து ஒலிவ மரங்களுக்கு நடுவிலிருந்து கடலைப் பாருங்கள். முன்பக்கத்தைவிட அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது.

ஏழாம் படி: மூன்றாம் நாள்

காலையில் ரயிலில் போர்தோ தி வாஸ்தோ. அங்கே புந்தா அதேர்ச்சி காப்பகம், 285 ஹெக்டேர் பரப்பு. மணல்மேடுகளில் ஃப்ரத்தீனோ என்ற சின்னஞ்சிறு கரைப்பறவை மணலிலேயே குழி பறித்து முட்டையிடும். கயிறு கட்டிய இடங்களுக்குள் கால் வைக்கவே வைக்காதீர்கள், முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும்.

திரும்பும் வழியில் ஃபொஸ்ஸாசேசியா - தொரீனோ தி சாங்ரோ நிலையத்தில் இறங்குங்கள். சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறை மலைச்சரிவில் இருக்கிறது. மேடேறும் பாதை, வெயிலில் நடக்கச் சிரமம், டாக்ஸியை முன்பே பேசிவையுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும், அங்கே கடை கிடையாது. 2,617 பேர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசைகளைத் தாண்டினால் தனியே ஒரு நினைவுச் சின்னம்: தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல், அவர்களின் பெயர்கள். எதிரே ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் மயெல்லா மலை. நான் போன அன்று அங்கே வேறு யாரும் இல்லை. பெயர்களை வாய்விட்டே படித்தேன், எல்லாவற்றையும் முடிக்க நேரம் போதவில்லை.

கல்லறைப் பதிவேட்டோடு வருகையாளர் குறிப்பேடும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். பேனா எடுத்துப் போங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் தமிழிலேயே எழுதலாம்.