பழைய மெட்ராஸ் பட அஞ்சலட்டைகளைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நூறு வருடத்துக்கு முந்தைய மெட்ராஸ் கார்டு ஒன்று கைக்கு வந்ததும், "அந்தக் காலத்தில் நம் ஆட்கள் இப்படித்தான் இருந்தார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். பெரிய தவறு இதுதான். மூட்டையோடு சலவைத் தொழிலாளி, துரை வீட்டுக் குழந்தையோடு ஆயா என்று வரும் படங்களில் பல, ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்தவை. பின்னால் தெரியும் தோட்டம் சில சமயம் வெறும் வரைந்த திரை. ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகளில் இவற்றை வாங்கி ஊருக்கு அனுப்பிய வெள்ளைக்காரர்கள் எதிர்பார்த்த இந்தியா அது. கீழே தொழிலை மட்டும் அச்சிட்டிருப்பார்கள், பெயர் இருக்காது. அதையே நாமும் தலைப்பாகப் போட்டுப் பகிரும்போது அந்த மனிதரை மறுபடியும் பெயரில்லாதவர் ஆக்குகிறோம். எனக்கு இது ரொம்பவே உறுத்துகிறது. "ஸ்டுடியோ படம், பெயர் பதிவாகவில்லை" என்று ஒரு வரியாவது சேருங்கள்.

தெருக் காட்சிகள் வேறு மாதிரி. மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தை எடுக்க வந்தவர் கவனிக்காமல் விட்ட ஓரத்தில்தான் அன்றாட வாழ்க்கை இருக்கிறது: மாட்டு வண்டிக்காரர், மரநிழலில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர், செருப்பில்லாத கால்கள். கட்டடத்தை விட்டுவிட்டு அங்கே உருப்பெருக்கி லென்ஸை வையுங்கள்.

நிறத்தை நம்பவே வேண்டாம். கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தின் மேல் பின்னால் வண்ணம் ஏற்றினார்கள்; பல கார்டுகள் ஜெர்மனியில் அச்சானவை. சேலை சிவப்பாக இருந்தால் அது அச்சகத்தின் சிவப்பு.

தபால் முத்திரையில் உள்ள தேதி, கார்டைப் போட்ட தேதி மட்டுமே. ஒரே படத்தைப் பல வருடம் விற்றார்கள். படம் எடுத்த காலத்துக்குப் படத்துக்குள்ளேயே தேடுங்கள்: மின்சார டிராம் ஓடினால் 1895-க்குப் பிறகு, கட்டி முடித்த ரிப்பன் மாளிகை தெரிந்தால் ஏறக்குறைய 1913-க்குப் பிறகு.

அப்புறம், படத்தின் மேலேயே நெருக்கி எழுதியிருந்தால் யாரோ கிறுக்கிவிட்டார்கள் என்று ஒதுக்காதீர்கள். முதலில் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். அதை இரண்டாகப் பிரித்துச் செய்தியும் எழுதலாம் என்று பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது. மற்ற நாடுகள் பிறகு வந்தன. எழுதாத கார்டைவிட, வெயிலையும் காய்ச்சலையும் கப்பல் வரும் நாளையும் நாலு வரியில் சொல்லும் கார்டையே நான் எடுப்பேன்.

ஸ்டாம்புக்கு ஆசைப்பட்டு ஆவி காட்டிப் பிரிக்காதீர்கள்; முத்திரை பாதியாகும், மை கரையும். லேமினேஷனும் வேண்டாம். குறிப்பு எழுத வேண்டுமென்றால் கார்டை வைக்கும் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்.