ஷூ பெட்டிக்குள் கடலடி: வகுப்பறையில் ஆழம் அளக்கும் செய்முறை

உலகிலேயே ஆழமான கடல் எது என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட மரியானா அகழி, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். யாரும் பார்க்க முடியாத இடத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். அந்தக் கேள்விக்கான செய்முறை இது. 6 முதல் 9 வரை எந்த வகுப்புக்கும் பொருந்தும். இரண்டு பீரியட் வேண்டும்.

தேவையானவை: மூடியுள்ள ஷூ பெட்டி (குழுவுக்கு ஒன்று), களிமண், பழைய செய்தித்தாள், புதுத் துடைப்பத்திலிருந்து உருவிய தடித்த ஈர்க்குச்சிகள், காம்பஸ், ஸ்கேல், கிராஃப் தாள், கலர் பென்சில்.

படி 1: கடலடியைச் செய்யுங்கள்

ஒரு குழு செய்த பெட்டியை இன்னொரு குழுதான் அளக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது தெரிந்துவிட்டால் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

செய்தித்தாளைக் கசக்கி மேடாக வைத்து, மேலே களிமண் பூசினால் மண்ணும் மிச்சம், கனமும் குறையும். பிள்ளைகளை இஷ்டத்துக்கு விட்டால் எல்லாப் பெட்டியிலும் நடுவில் ஒரு மலைதான் வரும். அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிஜ வடிவத்தைச் சொல்லிவிடுங்கள்: கரையோர ஆழமற்ற திட்டும் அதன் சரிவும், தனியாக நிற்கும் எரிமலை, நீண்ட அகழி, உச்சியின் நடுவே பள்ளம் ஓடும் மலைத்தொடர். கடைசியாகச் சொன்னதைச் செய்யும் குழுவை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஈரமண்ணில் குச்சி இறங்கி அளவு தப்பும். ஒருநாள் காயட்டும்.

படி 2: மூடியில் துளைகள்

மூடியின் மேல் 3 செ.மீ. இடைவெளியில் கட்டம் போடுங்கள். 30-க்கு 18 செ.மீ. மூடி என்றால் உள்ளே 45 சந்திப்புப் புள்ளிகள் கிடைக்கும். நீளவாக்கில் அ, ஆ, இ என்றும் அகலவாக்கில் 1, 2, 3 என்றும் பெயரிட்டு, காம்பஸ் முனையால் துளையிடுங்கள். அதே கட்டம் கிராஃப் தாளிலும் இருக்க வேண்டும்.

ஈர்க்குச்சியில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். மூடிதான் கடல்மட்டம். 1 செ.மீ. என்பது 500 மீட்டர். 12 செ.மீ. உயரப் பெட்டியின் அடி 6000 மீட்டர். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி மூன்று பேரோடு இறங்கத் திட்டமிட்டிருப்பதும் இதே ஆழத்துக்குத்தான். மரியானா அகழி வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளை அடுக்க வேண்டும்!

படி 3: முதலில் ஆறே துளை

45-ஐயும் உடனே அளக்க விடாதீர்கள். விரும்பிய ஆறு இடங்களில் மட்டும் குச்சியை விட்டு, ஆழத்தைக் குறித்து, அதை வைத்தே முழுக் கடலடியையும் வரையச் சொல்லுங்கள். முனகுவார்கள், ஆனாலும் வரைவார்கள். பெரும்பாலும் தட்டையான கடல்தான் வரும்.

சாலஞ்சர் கப்பலின் கதையைச் சொல்ல இதுதான் நேரம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய அந்த பிரிட்டிஷ் கப்பல், கயிற்றில் எடை கட்டி இறக்கி ஆழ்கடலில் 492 இடங்களை அளந்தது. 1875-இல் மரியானா பகுதியில் 8,000 மீட்டருக்கும் மேல் கயிறு இறங்கியது. மகத்தான வேலைதான், ஆனால் உலகக் கடலின் மொத்தப் பரப்போடு பார்த்தால் 492 புள்ளி என்பது, இந்தச் சின்னப் பெட்டியில் இவர்கள் அளந்த ஆறு துளையைவிடக் குறைவு. கடலோரப் பள்ளியாக இருந்தால், மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘எத்தனை பாகம்’ (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) என்று அப்பா எப்படி அளப்பார் என்று கேட்டுப் பாருங்கள். கையை விரித்துக் காட்டிவிடுவார்கள்.

படி 4: மீதித் துளைகளும் வண்ணமும்

இப்போது எல்லாத் துளைகளையும் அளக்கட்டும். 2 செ.மீ. வரை சிவப்பு, 4 வரை ஆரஞ்சு, 6 வரை மஞ்சள், 8 வரை பச்சை, அதற்குக் கீழே நீலம். நிஜமான கடலடிப் படங்களிலும் பொதுவாக மேடு சிவப்பு, ஆழம் நீலம்.

எல்லா வகுப்பிலும் ஒரு குழப்பம் வரும்: பெரிய எண்ணைப் பார்த்ததும் மலை என்று நினைப்பார்கள். குச்சி அதிகம் இறங்கினால் பள்ளம். ஒரு வரிசையை மட்டும் எடுத்து, கிராஃப் தாளின் மேல்விளிம்பைக் கடல்மட்டமாக வைத்துக் கீழ்நோக்கி வரைந்தால் தெளிந்துவிடும்.

மலைத்தொடர்ப் பெட்டியை அளந்த குழு, நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறது, அளந்தது தப்பா என்று வந்து கேட்கும். அப்போது மேரி தார்ப்பைப் பற்றிச் சொல்லுங்கள். 1950-களின் தொடக்கத்தில், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ எண்களை நியூயார்க் அருகேயுள்ள லமான்ட் ஆய்வகத்தில் உட்கார்ந்து வரைந்தவர் அவர். அட்லாண்டிக்கின் நடுமலைத்தொடரில் ஒரு பிளவுப் பள்ளம் ஓடுவதைக் கண்டார். உடன் வேலைசெய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். கடலடி நிலநடுக்க இடங்களை அதே அளவுகோலில் குறித்துப் பார்த்தபோது, அவை அந்தப் பள்ளத்தின் வழியே வரிசையாக விழுந்தன. கண்டங்கள் நகர்கின்றன என்பதை விஞ்ஞானிகள் ஏற்க உதவிய சான்றுகளில் அதுவும் ஒன்று.

படி 5: குச்சிக்குப் பதில் ஒலி

இன்று கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறார்கள். கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். எதிரொலி 4 விநாடியில் வந்தால் ஆழம் எவ்வளவு? பாதிப்பேர் 6000 என்பார்கள். போய்த் திரும்பிய நேரம் அது. இரண்டால் வகுத்தால் 3000 மீட்டர். மரியானா அகழியின் அடியிலிருந்து எதிரொலி வர 14 விநாடிக்கு மேலாகும். மேசையில் ஒருமுறை தட்டிவிட்டு, அத்தனை விநாடி வகுப்பைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். சூத்திரத்தைவிட நன்றாக மனதில் நிற்கும்.

புதிய கருவிகள் விசிறிபோல நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. அப்படியிருந்தும், 2030-க்குள் கடலடி முழுவதையும் படமாக்க 2017-இல் தொடங்கிய ‘சீபெட் 2030’ திட்டத்தில் இதுவரை முடிந்திருப்பது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

படி 6: மூடியைத் திறக்கலாமா?

திற, திற என்று கத்துவார்கள். ஆறு துளைப் படம், 45 துளைப் படம் இரண்டையும் சுவரில் ஒட்டி, எந்த இடத்தில் நிச்சயமில்லையோ அங்கே கேள்விக்குறி போடச் சொன்ன பிறகே திறங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அழகான படத்துக்கு மதிப்பெண் வேண்டாம். சரியான இடத்தில் கேள்விக்குறி போட்ட குழுவுக்குக் கொடுங்கள்.